பிரியாவிடைக்கு இரண்டு வருடம்

உலகம் முழுக்க எந்த ஆல்பம் எவ்வளவு விற்றது என்று கணக்கெடுக்கும் அமைப்பு ஐ.எஃப்.பி.ஐ. எனப்படும் சர்வதேச இசைத்தட்டுத் தொழில் கூட்டமைப்பு. 2019-ஆம் ஆண்டுக்கான அதன் பட்டியல் 2020 மார்ச்சில் வெளியானது. டெய்லர் ஸ்விஃப்டின் ‘லவர்’ 32 லட்சம் பிரதிகள். கொரியாவின் பி.டி.எஸ். குழு வெளியிட்ட ‘மேப் ஆஃப் த சோல்: பெர்சோனா’ 25 லட்சம். இவர்கள் எல்லோருக்கும் மேலே, 33 லட்சம் பிரதிகளோடு முதலிடத்தில் இருந்தது ஜப்பானின் அராஷி குழு வெளியிட்ட ‘5×20 ஆல் த பெஸ்ட்!! 1999-2019’.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாப் இசையைக் கவனித்து வருபவர்களில் பலருக்கு இந்தப் பெயரே புதிது. ஆல்பத்தைப் பற்றி விசாரித்தால் வியப்பு இன்னும் கூடும். நான்கு சிடிக்கள், 64 பாடல்கள். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய பழைய பாட்டுகள். வெளியான நாளில் அதை இணையத்தில் கேட்க வழியில்லை, தரவிறக்கவும் வழியில்லை. கடையில் சிடியாக வாங்கினால்தான் உண்டு. விற்றதில் மிகப் பெரும்பகுதி ஒரே ஒரு நாட்டுக்குள். பாடிய ஐந்து பேரும் 35 முதல் 38 வயது வரையிலான ஆண்கள். ‘பாய் பாண்ட்’ என்ற சொல்லுக்கு நாம் மனத்தில் வைத்திருக்கும் பதின்பருவ முகம் எதுவும் அங்கே கிடையாது.

இது எப்படி நடந்தது என்பதற்கு இசைத்துறை ஆட்கள் பல விளக்கங்கள் சொல்வார்கள். ஜப்பானியருக்கு சிடி மேல் இருக்கும் பற்று, ரசிகர் மன்றத்தின் கட்டுக்கோப்பு, தொலைக்காட்சியின் பலம். எல்லாமே உண்மைதான். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முடிவு இருக்கிறது. விற்பனைக்காக எடுக்கப்படாத அந்த முடிவுதான் இந்த விற்பனையை உண்டாக்கியது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை

2019 ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை. ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கான பக்கத்தில் ஒரு காணொளி வெளியானது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு குழுவின் செயல்பாடுகளை நிறுத்தி வைக்கிறோம் என்று ஐந்து பேரும் அதில் சொன்னார்கள். முதலில் ரசிகர்களுக்குச் சொல்லிவிட்டு, அன்று இரவே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள்.

காரணத்தை மறைக்கவில்லை. குழுவின் தலைவர் ஓனோ சதோஷி 2017 ஜூனில் மற்ற நால்வரையும் அழைத்து, இந்த வாழ்க்கையிலிருந்து கொஞ்சம் விலகி, சுதந்திரமாக வாழ்ந்து பார்க்க விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஓவியமும் சிற்பமும் செய்பவர் அவர். தன் படைப்புகளைக் கண்காட்சியாகவும் வைத்திருக்கிறார். பதின்பருவத்திலேயே, சிறுவர்களைப் பயிற்றுவித்துக் குழுக்களாக்கும் ஜானிஸ் நிறுவனத்துக்குள் வந்து, அதற்குப் பிறகு வேறு எந்த வாழ்க்கையையும் அறியாதவர். ஒருவர் போனால் நால்வராகத் தொடரலாமே என்ற யோசனையை மற்றவர்கள் ஏற்கவில்லை. ஐந்து பேர் இல்லையென்றால் அது அராஷி இல்லை என்று முடிவெடுத்து, மாதக்கணக்கில் பேசி, நாள் குறித்தார்கள்.

அந்தச் சந்திப்பில் ஒரு நிருபர், இது பொறுப்பற்ற செயல் இல்லையா என்று கேட்டார். சகுராய் ஷோ கோபப்படாமல் பதில் சொன்னார். ரசிகர்களுக்கு நன்றி சொல்லிக்கொள்ளத்தான் ஏறக்குறைய இரண்டு வருட காலத்தை முன்கூட்டியே ஒதுக்கியிருக்கிறோம், அதுவே எங்கள் நேர்மை என்பது அவர் பதிலின் சாரம். ஒரே வரியில் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி நிருபருக்குப் பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்துக் கொடுத்தது. சகுராயின் பதில் அடுத்த இரண்டு வருடங்களின் திட்டமாகவே ஆகிவிட்டது.

குழுக்கள் உடைவது இசை உலகில் புதிதல்ல. பெரும்பாலும் சண்டையில் உடையும், அல்லது யாருமே அறிவிக்காமல் மெல்லக் கரைந்துபோகும். ஜப்பானிலேயே 2016-இன் இறுதியில் ஸ்மாப் என்ற மூத்த குழு கலைந்த விதம் ரசிகர்களுக்கு ஆறாத காயம். அராஷியின் அதே நிறுவனத்தைச் சேர்ந்த குழு அது. வதந்தி, நேரலையில் மன்னிப்பு, பிறகு ஒரு அறிவிப்பு. கடைசிக் கச்சேரி கூட இல்லாமல் முடிந்துபோனது. அந்த நினைவு இன்னும் பச்சையாக இருந்த நேரத்தில், இன்ன தேதியில் போகிறோம், அதுவரை உங்களோடு இருக்கிறோம் என்று ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்னது ரசிகர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! வருத்தத்தை ஒளித்துவைக்கத் தேவையில்லை, அதற்கு நேரம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது.

‘5×20’ வெளியானது 2019 ஜூன் 26 அன்று. அறிவிப்பு வந்து ஏறக்குறைய ஐந்து மாதம்.

ஹவாய்க் கடலில் தொடங்கி

20 வருடம் என்பதை வெறும் எண்ணாகப் பார்த்தால் ஆல்பம் விற்றதன் கதை புரியாது.

1999 செப்டம்பரில், ஹவாயின் ஹொனலூலு கடற்பரப்பில் ஒரு கப்பலில் வைத்து இந்தக் குழு அறிமுகம் செய்யப்பட்டது. நவம்பர் 3 அன்று முதல் பாடல். அந்த வருடம் ஜப்பானில் நடந்த வாலிபால் உலகக் கோப்பையின் பிரச்சாரப் பாடலும் அதுவே என்பதால் எடுத்த எடுப்பில் பத்து லட்சத்தை நெருங்கி விற்றது. பளபளக்கும் கண்ணாடித்தாள் போன்ற உடையில் அந்தப் பையன்கள் நிற்கும் காட்சியை ஜப்பானில் இன்றும் கேலியும் அன்புமாக நினைவுகூர்கிறார்கள்.

அதன் பிறகு சரிவு. அடுத்தடுத்த பாடல்களின் விற்பனை இறங்கிக்கொண்டே போனது. 2001-இல் ஜே ஸ்டார்ம் என்ற தனி லேபிள் இவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 2002 பிப்ரவரியில் அதன் முதல் வெளியீடாக வந்த பாடலை 500 யென்னுக்கு விற்றார்கள். ஒற்றை நாணயத்தைக் கொடுத்து சிடியை வாங்கிக்கொண்டு போகலாம். வழக்கமான விலையில் பாதிதான் அது. வளர்ந்த குழு ஒன்று அப்படி விலையை இறக்கியதிலிருந்தே அன்றைய நிலைமை புரியும்.

மீண்டது பாட்டால் மட்டுமல்ல, நாடகத்தாலும்தான். ‘ஹனா யோரி டாங்கோ’ என்ற காமிக்ஸ் கதை 2005-இல் தொலைக்காட்சித் தொடரானது. திமிர் பிடித்த பணக்கார வீட்டுப் பையனாக மாட்சுமோட்டோ ஜுன் நடித்தார். தொடரின் பாட்டு அராஷியுடையது. 2007-இல் இரண்டாம் பாகம் வந்தது. அதற்குப் பாடிய ‘லவ் சோ ஸ்வீட்’ பள்ளிக்கூட விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒலிக்கும் பாட்டாகிவிட்டது. இதற்கிடையில் நினோமியா கசுனாரி, கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’ படத்தில் சாதாரணச் சிப்பாயாக நடித்து உலகக் கவனத்தைப் பெற்றார். கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்த சகுராய், 2006-லிருந்து திங்கள் இரவுகளில் செய்தி நிகழ்ச்சியில் உட்கார்ந்தார். அய்பா மசாகி விலங்குகளைப் பற்றிய நிகழ்ச்சியில் வாரா வாரம் சிரித்தார்.

வாரத்தில் ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு சேனலில், இவர்களில் ஒருவராவது வீட்டுக்குள் வந்துவிடுவார். வியாழனன்று ‘விஎஸ் அராஷி’, சனியன்று ‘அராஷி நி ஷியாகாரே’ என்று ஐவரும் சேர்ந்து விளையாடும் நிகழ்ச்சிகள் பத்து வருடத்துக்கும் மேல் ஓடின. வருடக் கடைசி இரவில் நாடே பார்க்கும் என்.எச்.கே.யின் ‘கோஹாகு’ பாட்டு நிகழ்ச்சியை 2010 முதல் 2014 வரை தொடர்ந்து ஐந்து முறை தொகுத்து வழங்கியவர்களும் இவர்கள்தான். 2015 செப்டம்பரில், சுனாமி சிதைத்த மியாகி மாநிலத்தில் நான்கு கச்சேரிகள் நடத்தினார்கள்.

பாட்டியும் அம்மாவும் மகளும் ஒரே வீட்டில், ஆளுக்கு ஒரு அராஷியைப் பிடித்து வைத்திருப்பது இப்படித்தான் வந்தது. ‘5×20’ தொகுப்பை வாங்கியவர்கள் 64 பாடல்களை வாங்கவில்லை. பரீட்சைக்குப் படித்த இரவு, முதல் வேலை, குழந்தை பிறந்த வருடம் என்று தங்கள் 20 வருடங்களை வாங்கினார்கள். தலைப்பில் இருக்கும் பெருக்கல் குறியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து பேர், 20 வருடம். பத்து வருடம் முன்பு 2009-இல் வந்த தொகுப்பும் பத்தாண்டுக் கொண்டாட்டம்தான். அந்த வருடம் ஜப்பானில் அதிகம் விற்ற ஆல்பமும் அதுவே.

செவ்வாய்க்கிழமைக் கடை

ஜப்பானில் ஆல்பம் வெளியாகும் விதத்தை ஒருமுறை நெருங்கிப் பார்த்துவிட வேண்டும்.

அங்கே பெரிய வெளியீடுகளுக்கு வழக்கமான நாள் புதன்கிழமை. ஆனால் சரக்கு செவ்வாயன்றே கடைக்கு வந்துவிடும், வந்தவுடன் அலமாரியிலும் ஏறிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் வேலை முடிந்து நேராகச் செவ்வாய் மாலை கடைக்குப் போய்விடுவார்கள். ‘ஃபுராகே’ என்று அதற்கு ஒரு செல்லப் பெயரே உண்டு. ‘ஃப்ளையிங் கெட்’ என்பதன் சுருக்கம். நம் ஊரில் முதல் நாள் முதல் காட்சிக்கு இருக்கும் அதே பரபரப்பு அந்தச் செவ்வாய் மாலைக்கு இருக்கும். ஓரிகான் என்ற நிறுவனத்தின் வாராந்தர விற்பனைப் பட்டியல் திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்கெடுப்பதால், செவ்வாயன்று வாங்கியதும் அதே வாரக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆல்பம் ஒரே வடிவத்தில் வராது. முதல் தயாரிப்போடு நின்றுவிடும் சிறப்புப் பதிப்புகள் ஒரு பக்கம், எப்போதும் கிடைக்கும் சாதாரணப் பதிப்பு இன்னொரு பக்கம். அட்டை வேறு, கூடவே வரும் டிவிடியோ புத்தகமோ வேறு. இன்ன கடையில் வாங்கினால் போஸ்டர், இன்னொன்றில் வாங்கினால் காகிதம் வைக்கும் உறை என்று சின்னச் சின்ன அன்பளிப்புகளும் உண்டு. விலையில் மட்டும் பேரம் கிடையாது. புத்தகம், செய்தித்தாள் போலவே சிடிக்கும் தயாரிப்பாளர் குறித்த விலையில்தான் கடைகள் விற்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சட்டம் அனுமதிக்கிறது. பெரிய கடை விலையைக் குறைத்துச் சின்னக் கடையை மூடவைக்கும் ஆட்டம் அங்கே எடுபடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவில் 2006-இல் மூடப்பட்ட டவர் ரெக்கார்ட்ஸ் டோக்கியோவின் ஷிபுயாவில் மாடி மாடியாக இன்னும் இயங்குகிறது. 2019-இல் ஜப்பானிய இசை வியாபாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கையில் பிடிக்கக்கூடிய தட்டுகளிலிருந்தே வந்தது.

இந்த ஏற்பாட்டைச் சிலர் தவறாகவும் பயன்படுத்தினார்கள். பாடகிகளோடு கைகுலுக்கும் சீட்டை சிடிக்குள் வைத்து விற்கும் வழக்கத்தில், ஒரே ஆள் ஐம்பது, நூறு என்று வாங்கிக் குவித்துத் தட்டுகளைக் குப்பையில் போட்ட கதைகள் ஜப்பானில் ஏராளம். அப்படிப்பட்ட சீட்டு எதுவும் ‘5×20’ தொகுப்புக்குள் கிடையாது. பதிப்புக்கு ஒன்றாக இரண்டு மூன்று வாங்கியவர்கள் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஓரிகான் கணக்கில் முதல் வாரத்திலேயே 13 லட்சத்துக்கு மேல் விற்று, அதன் பிறகும் மாதக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்த ஒரு தொகுப்பை அந்த வகையில் சேர்க்க முடியாது. வருடக்கணக்காகக் கடைப்பக்கம் போகாதவர்கள் கூட இதற்காகப் போனார்கள்.

விளம்பரம் என்று தனியாகப் பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. பாட்டு நிகழ்ச்சிகளில் பாடினார்கள். அந்தக் கோடையில் டோக்கியோவின் ரோப்பொங்கியில் 20 வருடப் பயணத்தைக் காட்டும் கண்காட்சி திறந்தது. ஆகஸ்டில் இரவு பகலாக ஓடும் நிதிதிரட்டு நிகழ்ச்சியான ‘24 மணி நேரத் தொலைக்காட்சி’யைத் தொகுத்தார்கள். அக்டோபரில், 20 வருடக் காணொளிகள் தனித் தொகுப்பாக வந்தன.

உண்மையான விளம்பரம் கச்சேரிதான். 2018 நவம்பரில் சப்போரோவில் தொடங்கி 2019 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோ டோமில் முடிந்த பயணம் அது. சப்போரோ, டோக்கியோ, நகோயா, ஒசாகா, ஃபுகுவோகா என ஐந்து டோம் அரங்குகள், 50 காட்சிகள், மொத்தம் 23 லட்சத்து 75 ஆயிரம் பார்வையாளர்கள். முதலில் அறிவித்தது 18 காட்சிகள் மட்டுமே. விடைபெறும் முடிவு ஏற்கெனவே அவர்கள் மனத்தில் இருந்தது. இருந்தும் ரசிகர்களிடம் சொல்லாமலேயே பயணத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியபோது கொண்டாட்டமாக இருந்தது, ஜனவரிக்குப் பிறகு வேறொன்றாக மாறியது. ஒரே கச்சேரியின் முன்பாதியும் பின்பாதியும் போல, ஒரே பாடல் வரிசை இரண்டு அர்த்தம் கொண்டது.

டிக்கெட் கிடைப்பது குலுக்கலில்தான். ரசிகர் மன்ற உறுப்பினர்கள் 30 லட்சம் பேரை எட்டும் அளவுக்கு இருந்ததாகச் செய்திகள் சொல்லின. வெளிச்சந்தையில் ஒரு சீட்டு பல மடங்கு விலைக்குப் போகும் அபாயம் இருந்ததால் அடையாளச் சோதனை கடுமையாக நடந்தது. 2019 ஜூன் 14 முதல் டிக்கெட்டைக் கள்ள விலைக்கு மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் சட்டமும் நாடு முழுக்க அமலுக்கு வந்தது.

அரங்குக்குள் மேடையின் கதையே தனி. மாட்சுமோட்டோ ஜுன் நடிகர் மட்டுமல்ல, இந்தக் கச்சேரிகளின் இயக்குநரும் அவர்தான். கண்ணாடி போலக் கீழிருந்து பார்த்தால் தெரியும் தளம் ஒன்று பார்வையாளர்களின் தலைக்கு மேலே மெல்ல நகர்ந்து போகும். 2005-இல் அவர் முன்வைத்த யோசனை அது. ஐம்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கின் கடைசி வரிசைக்காரருக்கும் அருகில் போய் நிற்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் பிறந்தது. பின்னர் மற்றக் குழுக்களும் அதை எடுத்துக்கொண்டன. ரசிகர்கள் கையில் வைத்திருக்கும் விளக்கை மத்தியிலிருந்தே இயக்கி, அரங்கு முழுக்க ஒரே நொடியில் நிறம் மாற்றுவதையும் 2014 பயணத்திலேயே செய்துவிட்டார்கள். விருப்பமானவரின் பெயரை எழுதிய விசிறியை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்பது ரசிகர்களே காத்துவரும் ஒழுங்கு. தன் காதல் அடுத்தவர் பார்வையை மறைக்கக் கூடாது என்று ஐம்பதாயிரம் பேர் சேர்ந்து நடந்துகொள்ளும் அழகை நான் மிகவும் மதிக்கிறேன்.

திறந்த கதவு

இவர்களை வளர்த்த ஜானிஸ் நிறுவனம் நெடுங்காலம் இணையத்தை அண்டவிட்டதில்லை. பத்திரிகையின் அட்டையில் இவர்கள் படம் இருந்தால், அந்தப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் ஆள் இருக்கும் இடத்தை மட்டும் சாம்பல் நிற உருவமாக அழித்து வைத்திருப்பார்கள். படம், பாட்டு, காணொளி எதுவும் இலவசமாகக் கசியக் கூடாது என்பது விதி. 2018-இல்தான் அந்த விதி கொஞ்சம் தளர்ந்தது. கொரியக் குழுக்கள் யூடியூபைப் படியாக வைத்து உலகம் ஏறிக்கொண்டிருந்த பத்து வருடங்களில், ஜப்பானின் மிகப் பெரிய குழு அங்கே இல்லவே இல்லை.

‘5×20’ விற்று முடித்த பிறகு அந்தக் கதவு திறந்தது. 2019 அக்டோபர் 9 அன்று ஐந்து காணொளிகளோடு யூடியூப் சேனல். நவம்பர் 3, முதல் பாடல் வந்து இருபது ஆண்டு நிறைந்த நாள், அத்தனை சிங்கிள் பாடல்களும் இணையச் சேவைகளில் வந்துவிட்டன. ட்விட்டர், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், வெய்போ எல்லாவற்றிலும் ஒன்றாகக் கணக்குத் தொடங்கினார்கள். ‘டர்னிங் அப்’ என்ற அவர்களின் முதல் டிஜிட்டல் சிங்கிளும் அன்றே. ஆறு நாள் கழித்து அரண்மனை முன்பாக, புதிய பேரரசர் நருஹித்தோவின் அரியணை ஏற்றத்தைக் கொண்டாடிய விழாவில், கன்னோ யோக்கோ இசையமைத்த பாடலைப் பாடினார்கள். அடுத்த இரண்டே நாளில் விமானம் ஏறி ஜகார்த்தா, சிங்கப்பூர், பாங்காக், தைபெய் என்று நான்கு ஊர்களில் ரசிகர்களைச் சந்தித்தார்கள். வருடக் கடைசி நாளில் நெட்ஃபிளிக்ஸில் அவர்களைப் பற்றிய ஆவணத் தொடர் ஆரம்பமானது.

விலகப் போகிறவர்கள் ஏன் கடைசி வருடத்தில் உலகத்தின் கதவைத் தட்ட வேண்டும்? வியாபாரக் கண்ணால் பார்த்தால் கணக்கு உதைக்கும். எனக்குத் தோன்றுவது இது. தமக்குப் பின்னால் வரும் இளைய குழுக்களுக்காக அந்தக் கதவைத் திறக்கும் பலம் நிறுவனத்துக்குள் அன்று இவர்களுக்கு மட்டுமே இருந்தது. அதைப் பயன்படுத்திவிட்டுப் போனார்கள்.

சொல்லியாக வேண்டியது

இவ்வளவு அன்போடு எழுதும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. தாண்டினால் அது நேர்மையாகாது.

இந்த நிறுவனத்தைத் தொடங்கி, அராஷி உட்பட எல்லாக் குழுக்களையும் உருவாக்கியவர் ஜானி கித்தாகாவா. ஆல்பம் வெளியான இரண்டு வாரத்தில், 2019 ஜூலை 9 அன்று, அவர் இறந்தார். செப்டம்பரில் டோக்கியோ டோமில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் பிரதமர் ஷின்சோ அபேயின் இரங்கல் செய்தி வாசிக்கப்பட்டது. நாடே அவரைப் புகழ்ந்து வழியனுப்பியது.

ஆனால் அவர் தன்னிடம் பயிற்சிக்கு வந்த சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார் என்று ‘ஷூகான் புன்ஷுன்’ வார இதழ் 1999-லேயே தொடர்ந்து எழுதியது. அராஷியின் முதல் பாடல் வெளியானதும் அதே வருடத்தின் இலையுதிர் காலத்தில்தான். அவர் அவதூறு வழக்குப் போட்டார். அந்தக் குற்றச்சாட்டுகளின் முக்கியப் பகுதி உண்மையே என்று டோக்கியோ உயர் நீதிமன்றம் 2003-இல் சொன்னது. 2004-இல் உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைத்தது. அதற்குப் பிறகும் பெரிய தொலைக்காட்சிகள் வாய் திறக்கவில்லை. நிறுவனத்தைப் பகைத்தால் அதன் நட்சத்திரங்கள் தங்கள் நிகழ்ச்சிக்கு வரமாட்டார்கள் என்ற பயம். 2023 மார்ச்சில் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்று வெளியான பிறகு, பாதிக்கப்பட்டவர்கள் பெயர் சொல்லி முன்வந்த பிறகு, பல்லாண்டுகளாக நூற்றுக்கணக்கான சிறுவர்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று விசாரணைக் குழு அறிக்கை தந்த பிறகுதான், அந்த வருடம் செப்டம்பர் 7 அன்று நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது. அதன் தலைவர் பதவி விலகினார். நிறுவனத்தின் பெயரும் மாறியது, இழப்பீடு தருவதே அதன் வேலை ஆனது.

சாம்பல் நிறத்தில் அழிக்கப்பட்ட அட்டைப்படங்களும் இந்த மௌனமும் ஒரே கையின் வேலை. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஒரு நிறுவனம் நாட்டின் ஊடகத்துக்கே உத்தரவிட முடிந்தது. வாரம் முழுக்க ஐந்து பேரையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த அதே பலம், சிறுவர்களின் குரலை இருபது முப்பது வருடம் அமுக்கி வைத்தது. 33 லட்சம் பிரதிகளை எண்ணும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ரசிகர்களின் அன்பு பொய்யில்லை, பாடியவர்களின் உழைப்பும் பொய்யில்லை. ஆனால் ஒரு தொழில் எந்த அஸ்திவாரத்தில் நின்றது என்று கேட்க, பாதிக்கப்பட்டவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தொலைக்காட்சிகள் கேட்காமல் விட்டதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐவரும் 2024 ஏப்ரலில் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள்.

மீதமிருந்தது

ஒதுக்கி வைத்த இரண்டு வருடங்களில் இரண்டாவது வருடத்தைத் தொற்றுநோய் எடுத்துக்கொண்டது. 2020 வசந்தத்தில் பெய்ஜிங்கில் நடக்க வேண்டிய கச்சேரி ரத்தானது. புதிய தேசிய மைதானத்தில் திட்டமிட்டிருந்த ‘அராஃபெஸ்’ விழா, ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால் படமாக்கப்பட்டு நவம்பர் 3 அன்று இணையத்தில் ஒளிபரப்பானது. புருனோ மார்ஸ் உருவாக்கிக் கொடுத்த ஆங்கிலப் பாடலும், ‘திஸ் இஸ் அராஷி’ என்ற கடைசி ஆல்பமும் அந்த வருடமே வந்தன. வேறு எந்த வருடமாக இருந்தாலும் நாடே திருவிழாவாகியிருக்கும். டிசம்பர் 31 இரவு, டோக்கியோ டோமில், ஒரு ரசிகர் கூட இல்லாத அரங்கிலிருந்து நேரலையில் பாடி முடித்தார்கள்.

நன்றி சொல்வதற்காகத்தான் நேரம் ஒதுக்கினோம் என்று சொன்னவர்களுக்கு, நேரில் சொல்ல முடியாமல் போனது சாதாரண ஏமாற்றமல்ல. 50 காட்சிகளில் ஒன்றுக்குக்கூடச் சீட்டு கிடைக்காதவர்கள், சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பலரிடம் இருந்தது அந்த நான்கு சிடிக்கள் மட்டும்தான்.

2025 மே 6 அன்று ஐவரும் மீண்டும் ரசிகர் மன்றத்துக்குத்தான் முதலில் சொன்னார்கள். 2026 வசந்தத்தில் ஒரு இசைப் பயணம், அது முடிந்ததும் அராஷி என்ற குழுவின் செயல்பாடு முழுமையாக நிறைவு. 2020-இல் ரசிகர்களை நேரில் சந்தித்து விடைபெற முடியாமல் போனதையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். நான்கு வருடத்துக்கும் மேலாகப் பொதுவெளியில் அதிகம் தலைகாட்டாமல் இருந்த ஓனோவும் அந்த ஐவரில் ஒருவராகத் திரும்பி வந்தார். அதே ஐந்து டோம் நகரங்கள், இந்த முறையும் குலுக்கல்தான்.